முதுகுப்பையில் ஒரு புளித்த பாட்டில்

நாள் 1: நியூரம்பர்க்

அண்ணன் வீட்டுச் சமையலறை மேடையில் மூன்று பாட்டில்கள் நின்றன. லேபிள் கிடையாது. கழுத்தில் சுற்றிய காகிதப் பட்டையில் தேதியும் ஓர் எண்ணும் மட்டும். நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று, வெப்பமானி ஒன்று, அடியில் திருகுகுழாயும் மூடியில் குமிழிக்குழாயும் பொருத்திய பிளாஸ்டிக் வாளி ஒன்று. அவருடைய ஆலை இவ்வளவுதான். அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது நாக்கில் ஒட்டிக்கொண்ட 'அண்ணே' இன்னும் உதிரவில்லை.

ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் பீர் சுவைத்துப் பார்க்கும் ஆறு நாள் பயணத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். குடிப்பதற்கு முன் முகர வேண்டும்; பேசுவதற்கு முன் எழுத வேண்டும். ஒருவர் "வாழைப்பழம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதன் பிறகு மற்றவருடைய மூக்குக்கு வாழைப்பழத்தைத் தவிர வேறு எதுவும் எட்டாது. "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அந்தப் பக்கம் செல்லாது.

முதல் பாட்டில் ஏல் என்ற வகை, செம்பொன் நிறம். 1972-ல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேட் ரக ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூங்கூம்பு, போட்டது. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியதுபோல ஒரு மணம், நாக்கின் பின்புறத்தில் வந்து உட்காரும் கசப்பு. சின்னச் சின்ன ஆலைகளின் பீர் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் மணம் இதுதான். இரண்டாவது ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். வறுத்த பார்லியின் கருகல், கொஞ்சம் காப்பி, கொஞ்சம் சாம்பல். இரண்டையும் காசு கொடுத்தே வாங்கிக் குடிப்பேன்.

மூன்றாவதைத் திறக்க அண்ணன் தயங்கினார். கம்பிப்பூட்டு போட்ட பாட்டில். பூட்டை நெம்பியதும் 'டப்' என்று வெடித்து, நுரை மேடையில் வழிந்து தரைக்கு இறங்கியது. நவம்பரில் காய்ச்சிய கோதுமை பீர். அந்த வகைக்கான ஈஸ்ட் தானாகவே வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் உண்டாக்கும். அதில் பழமோ மசாலாவோ எதுவும் போடுவதில்லை. இந்த முறை வாளியின் திருகுகுழாயைக் கழற்றிக் கழுவ மறந்திருக்கிறார். அதன் மறைக்குள் காய்ந்துபோன பழைய பீரில் எதுவோ குடியிருந்திருக்கிறது.

நான் ஒரு வாய் குடித்தேன். நோட்டில் ஒரே சொல் எழுதினேன்: "கெட்டது."

அண்ணன் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது சுவையா, தீர்ப்பா? பெல்ஜியத்தில் புளித்த பீரைத்தான் கொண்டாடுகிறார்கள். நீ அதையெல்லாம் குடித்துவிட்டு வந்து இதை மறுபடியும் எழுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதே காய்ச்சலின் இன்னொரு பாட்டிலைத் துண்டில் சுற்றி முதுகுப்பைக்குள் வைத்தார். உள்ளே இருப்பது இன்னும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருப்பதால் வாயு ஏறிக்கொண்டே போகும். தினமும் இரவில் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தி மூச்சு விடவைக்க வேண்டுமாம். கைக்குழந்தையோடு பயணம் கிளம்புவது போலத்தான் இருந்தது.

நாள் 2: பாம்பெர்க்

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகர மன்றத்தைப் பெயருக்குப் பார்த்துவிட்டு, நேராக ஷ்லெங்கெர்லா மதுக்கூடத்துக்குப் போனோம்.

இங்கே மரப் பீப்பாயில் குழாய் அடித்து நேரடியாக ஊற்றுகிறார்கள். மெர்ட்சன் என்ற அந்தப் புகை பீரில் ஆல்கஹால் 5.1 சதவீதம். நிறம் கருப்பை எட்டும் பழுப்பு. பீச் (beech) மரக் கட்டைகளை எரித்து, அந்தப் புகையிலேயே மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்துகிறார்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. குவளை மேசைக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடுகிறது.

என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

முதல் குவளை: "தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பு. புகையூட்டிய பன்றித் தொடை. தொண்டையில் கமறல்."

இரண்டாவது: "புகை ஒரு படி பின்னால் போய்விட்டது. அதன் அடியில் கருகிய சர்க்கரை. ரொட்டியின் மேல்தோல்."

மூன்றாவது: "புகையைக் காணவில்லை. யார் எடுத்துக்கொண்டு போனது?"

மூன்று குவளை குடித்தால்தான் இந்த பீர் பிடிபடும் என்று ஊரில் சொல்கிறார்கள். போதையின் வேலை என்று அதைத் தள்ளிவிட முடியாது. மூக்கு ஒரே நெடியை வெகு நேரம் கவனித்துக்கொண்டிருக்காது. பழகியதும் அதை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் நின்றவற்றைப் பார்க்கத் தொடங்குகிறது. நான் முதல் குவளையோடு எழுந்து போயிருந்தால் 'அடுப்பு' என்ற சொல்லோடு ஊர் திரும்பியிருப்பேன்.

அண்ணன் மேசையில் விரலால் தட்டித் தட்டி ஒரு விஷயத்தைச் சொன்னார். ஒரு காலத்தில் மால்ட்டை நெருப்பில் உலர்த்திய இடங்களில் எல்லாம் பீரில் புகை ஏறத்தான் செய்தது. அது யாருக்கும் வேண்டாத நெடி. புகை படாமல் சூடான காற்றால் மட்டும் உலர்த்தும் சூளைகள் வந்ததும் உலகம் நிம்மதியாகப் புகையைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லாவும் ஸ்பெட்சியாலும் மட்டும் பழைய முறையை விடவில்லை. ஊரெல்லாம் குறை என்று துரத்தியதை இவர்கள் குணம் என்று வைத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லிவிட்டுத் தன் முதுகுப்பையை ஒருமுறை பார்த்தார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் போன மாதமும் மார்ச். மெர்ட்சன் என்ற பெயரிலும் மார்ச் இருக்கிறது. 1553-ல் பவேரியாவில் வந்த ஓர் ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்றது. கோடையில் காய்ச்சியவை கெட்டுப்போனதுதான் காரணம். அதனால் மார்ச்சில் கொஞ்சம் வலுவாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்துக் கோடையைக் கடத்தினார்கள். என்ன கெடுக்கிறது என்று தெரியாமலே எப்போது கெடும் என்று மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்த காலம். பீரைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி விஞ்ஞானி லூயி பாஸ்டர் விரிவாக எழுதியது 1876-ல்தான்.

கிளம்பும் முன் அதே ஆலையின் வெளிர் நிற லாகரையும் வாங்கிப் பார்த்தோம். அதில் புகையூட்டிய மால்ட் கிடையாது. ஆனாலும் அதே அண்டாவையும் அதே ஈஸ்ட்டையும் பகிர்ந்துகொள்வதால் ஓரத்தில் ஒரு புகை வாடை ஒட்டியிருந்தது. மெர்ட்சனை விட எனக்கு இதுதான் பிடித்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

நாள் 3: கொலோன்

பாதி நாள் ரயிலிலேயே போய்விட்டது. மாலையில் தேவாலயத்தின் பக்கத்திலேயே ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்தோம். இங்கே கோல்ஷ் என்ற உள்ளூர் பீர் மட்டும்தான். 0.2 லிட்டர் பிடிக்கும் மெல்லிய நேர்க்குவளை. 'கோபெஸ்' என்று அழைக்கப்படும் பரிமாறுபவர் காலிக் குவளையைப் பார்த்ததும், கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். போதும் என்றால் வாயால் சொல்லிப் பயனில்லை. அட்டையை எடுத்துக் குவளையின் மேல் மூட வேண்டும். இது தெரியாமல் நான் ஆறு கோடு வாங்கினேன்.

கோல்ஷ் என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்று 1986-ல் ஆலைகள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஏல் போல மேலே நொதிக்கும் ஈஸ்ட்டால் செய்து, லாகர் போலக் குளிரில் வைத்துத் தெளியவிடுகிறார்கள். நோட்டில் எழுதத் திணறினேன். மெல்லிய பழவாசம், மெல்லிய கசப்பு, மெல்லிய எல்லாமும். அண்ணன் சொன்னது சரிதான்: வீட்டில் காய்ச்சுகிறவனுக்கு இதைவிடக் கடினமானது இல்லை. ஸ்டவுட்டில் ஒரு தப்பு நடந்தால் கருகலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதில் ஒளிய இடமே கிடையாது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு கடையின் ஜன்னலோரத்தில் வெயிலில் அடுக்கியிருந்த பச்சைப் பாட்டில்களில் ஒன்றை வாங்கினேன். திறந்ததும் எரிந்த ரப்பரும் பூண்டும் சேர்ந்ததுபோல ஒரு வீச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் அது உடைந்து கந்தக வாடை வரும். பழுப்புப் பாட்டில் அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சைக்கு அந்தத் திறமை போதாது. தொட்டியில் ஊற்றினேன். இதை எந்த ஊரும் குணம் என்று சொல்லாது என்றேன். அண்ணன் பதில் சொல்லாமல் தன் குழந்தையின் பூட்டைத் தளர்த்தினார். 'உஸ்' என்று நீளமாக மூச்சு விட்டது.

நாள் 4: பிரஸ்ஸல்ஸ்

இந்த நாளுக்காகத்தான் பயணமே.

மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியின் சாதாரணத் தெரு ஒன்றில் இருக்கிறது கான்டிலான். 1900-ல் தொடங்கிய குடும்ப ஆலை. 1978 முதல் அதுவே ஓர் அருங்காட்சியகமும். கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, நீங்களே சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஈர மரம், ஆப்பிள், தூசி, பழைய நிலவறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின.

ஓட்டுக் கூரைக்கு அடியில் ஒரு செம்புத் தொட்டி. அகலம் நிறைய, ஆழம் குறைவு. குழந்தைகள் நீந்தும் குளம் போல. நாங்கள் போன அன்று காலியாகக் கிடந்தது. காய்ச்சிய சாற்றைக் குளிர்கால இரவில் இதில் பரப்பிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. இரவுக் காற்றிலும் அந்தக் கூரையிலும் மரத்திலும் இருப்பவை தாமாக வந்து இறங்குகின்றன. காலையில் சாறு ஆறியதும் மரப் பீப்பாய்களுக்குப் போகிறது. இதுதான் லாம்பிக். மூன்றில் இரண்டு பங்கு பார்லி மால்ட், மீதி முளைகட்டாத கோதுமை. ஹாப்ஸும் போடுகிறார்கள், ஆனால் கசப்பும் மணமும் போய்விட்ட பழைய ஹாப்ஸ். கெடாமல் காப்பது மட்டும்தான் அதன் வேலை.

பீப்பாய்க்குள் நடப்பதை அண்ணன் கிசுகிசுத்த குரலில் எனக்கு விளக்கினார், ஏதோ கோவிலுக்குள் நிற்பது போல. முதலில் சில பாக்டீரியாக்கள், பிறகு சாதாரண ஈஸ்ட், பிறகு புளிப்பைக் கொண்டுவரும் பாக்டீரியாக்கள். அந்தக் கட்டத்தில் சில பீப்பாய்களில் பீர் எண்ணெய் போலக் கெட்டிப்பட்டு நூல் நூலாக இழுக்கும். "நோயாகிவிட்டது" என்றே தொழிலில் சொல்வார்களாம். கொட்டிவிடுவதில்லை, காத்திருக்கிறார்கள். மெதுவாக வேலை செய்யும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் மாதக்கணக்கில் அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்த்துவிடுகிறது. 1904-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஆங்கிலேய பீர்களை ஆராய்ந்தபோது வைத்த பெயர் அது. பிரிட்டன் பூஞ்சை என்று பொருள். அதன் ஓர் இனத்துக்கு இந்த ஊரின் பெயரே இருக்கிறது, புருக்செலென்சிஸ். கோதுமை பீரின் கிராம்பு மணத்தைக்கூட அது தோல், தொழுவம், மருந்து என்று வேறு மணங்களாக மாற்றிவிடும்.

கடைசி வரியை அண்ணன் இரண்டு முறை சொன்னார்.

பீப்பாய் வரிசைகளின் மேல் நூலாம்படை தொங்கியது. சிலந்திகளை விரட்டுவதில்லை, பீப்பாயின் இனிப்புக்கு வரும் ஈக்களை அவை பிடித்துத் தின்னும். அண்ணன் அந்த நூலாம்படையை மட்டும் பதினைந்து படம் எடுத்தார். "பார்த்தாயா, நான் ஒரு குழாயைக் கழுவாததற்கே..." என்று ஆரம்பித்தார். அடுத்த அறையில் பேச்சு நின்றது. அங்கே பீப்பாய் கழுவும் கருவி. காலிப் பீப்பாய்க்குள் வெந்நீரோடு இரும்புச் சங்கிலியையும் போட்டு உருட்டுகிறார்கள். சங்கிலி உள்சுவரைச் சுரண்டி எடுக்கிறது. கூரையில் தூசி இருக்கலாம், பீப்பாய்க்குள் இருக்கக் கூடாது. அண்ணன் அந்தக் கருவியைப் படம் எடுக்கவில்லை.

சுவைக்கும் இடத்தில் முதலில் கலக்காத லாம்பிக். நுரையே இல்லை. எலுமிச்சை, ஈர வைக்கோல், பழைய தோல் பையின் உட்புறம். இந்த மணத்துக்கு ஆங்கிலத்தில் குதிரைப் போர்வை என்று ஒரு சொல் புழங்குகிறது. நான் குதிரையை மோந்து பார்த்ததில்லை, அதன் போர்வையை எங்கே போய்த் தேடுவது? என் தோல் பையே எனக்குப் போதும்.

அடுத்தது கூஸ். ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால், இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை மறுபடி நொதித்து வாயுவைக் கொடுக்கும். மூடியைத் திறக்கும்போது ஷாம்பெய்ன் போலச் சத்தம். புளிப்பு கன்னத்தின் உள்பக்கத்தைக் கிள்ளுகிறது; அது அடங்கியதும் மரத்தின் துவர்ப்பு ஈறுகளில் ஏறுகிறது. 'உலர்ந்த சுவை' என்று மற்றவர்கள் சுற்றிவளைத்துச் சொல்வதில் ஒரு பாதியை நம்முடைய 'துவர்ப்பு' ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. சுவை ஆறு என்று எண்ணி வைத்த மொழியில் எழுதுவதில் இப்படி ஒரு சௌகரியம். அண்ணனும் 'துவர்ப்பு' என்றே எழுதியிருந்தார். பயணத்தில் எங்கள் இருவர் நோட்டிலும் ஒரே சொல் விழுந்தது முதல் முறையாக இங்கேதான்.

புளிச் செர்ரி ஊறவைத்த கிரீக்கும் குடித்தோம். கண்ணுக்கு அழகு. எனக்குக் கூஸ் போதும்.

நாள் 5: பொபரிங்க, வெஸ்ட்விளெட்டரன்

ரயில் பாதை முடிகிற ஊர் பொபரிங்க. சுற்றிலும் ஹாப்ஸ் தோட்டங்கள், ஆனால் மார்ச்சில் வெறும் கம்பங்களும் கம்பிகளும்தான். கொடி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் இளந்தளிரை வெட்டிக் காய்கறியாகச் சமைக்கும் பருவம் இது. பழைய எடைக் கூடத்தில் இயங்கும் ஹாப்ஸ் அருங்காட்சியகத்தில் உலர்ந்த பூங்கூம்புகளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தேன். மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. பிசின், வைக்கோல், கொஞ்சம் பூண்டு. கையைக் கழுவி அரை மணி நேரம் கழித்து உதட்டைத் துடைத்தபோது கசந்தது.

வாடகை சைக்கிளில் வெஸ்ட்விளெட்டரன் போனோம். எதிர்க்காற்று, அண்ணன் வழியெல்லாம் என்னைத் திட்டினார். அங்கே இருக்கும் செயின்ட் சிக்ஸ்டஸ் மடம் 1831-ல் தொடங்கியது. துறவிகள் மடத்துக்குள்ளேயே காய்ச்சுகிறார்கள். நாங்கள் போனபோது பாட்டிலில் லேபிள் இருக்கவில்லை. மூடியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். பச்சை என்றால் 5.8 சதவீத பிளாண்ட், நீலம் என்றால் 'எட்டு' என்ற பீர், மஞ்சள் என்றால் 10.2 சதவீத 'பன்னிரண்டு'. லேபிள் இல்லாததைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏற்பட்ட பெருமையை விவரிக்க வேண்டியதில்லை.

மடத்துக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் பன்னிரண்டை வாங்கினோம். 2005-ல் ஒரு வாக்கெடுப்பு இதை உலகின் மிகச் சிறந்த பீர் என்றது. அதுதான் தொல்லை. யாரோ முன்கூட்டியே காதில் "வாழைப்பழம்" என்று சொல்லிவிட்ட கதை. நோட்டில் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, கருக்கிய சர்க்கரை, நெஞ்சில் இறங்கும் சூடு என்று எழுதினேன். எழுதியதை நானே நம்பவில்லை. பாதி எங்கோ படித்தது. அரை மணி நேரம் தொடாமல் வைத்தேன். குளிர் விட்ட பிறகு முதலில் தெரியாத ஒன்று மேலே வந்தது: புது ரொட்டியின் உட்பகுதி. அது மட்டும் என்னுடையது. பிறகு குடித்த பிளாண்ட், பேச்சில்லாமல் ஒரே மூச்சில் தீர்ந்தது. புல், மிளகு, சுத்தமான கசப்பு.

பத்து சதவீதத்தைக் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறுவது அறிவுடைமை ஆகாது. இருட்டும் வரை தள்ளிக்கொண்டே நடந்தோம். விடுதி அறையில் முதுகுப்பை ஓரம் ஈரமாக இருந்தது. பூட்டின் ரப்பர் வளையம் தாங்காமல் கசிந்திருக்கிறது. அறை முழுவதும் வினிகர் நெடி.

நாள் 6: ரூசலாரே

ரோடன்பாக் ஆலையில் ஆளுயரத்தைவிடப் பெரிய ஓக் மரத் தொட்டிகள் 294. அவற்றுக்கிடையே நடக்கும்போது ஒரு காட்டுக்குள் போகிற உணர்வு. தொட்டிகளைப் பிரித்துச் சுரண்டிப் பழுதுபார்க்க ஆலையிலேயே ஆள் இருக்கிறார். பீர் அதற்குள் இரண்டு ஆண்டுகள் கிடக்கிறது. எந்தத் தொட்டி எப்படிப் போகிறது என்று சுவைத்துப் பார்த்தே கலக்கிறார்கள். கிராண்ட் க்ரூ என்ற அவர்களுடைய 6 சதவீத பீரில் மூன்றில் இரண்டு பங்கு முதிர்ந்தது, ஒரு பங்கு இளசு. செர்ரியே போடாத செர்ரி மணம், ஓக்கின் துவர்ப்பு, கடைசியில் தெளிவாக, மறைக்காமல், வினிகர்.

"வினிகர்தானே?" என்றார் அண்ணன்.

"வினிகர்தான்" என்றேன்.

இரவு அறையில் முகம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துத் திறந்தார். ஆறு நாள் மூச்சு விட்டதால் வெடிக்கவில்லை. பல் துலக்கும் கண்ணாடி டம்ளர்கள் இரண்டில் ஊற்றினார். கலங்கிய மஞ்சள், வந்த வேகத்தில் மறைந்த நுரை. விதிப்படி முகர்ந்தோம், விதிப்படி பேசாமல் எழுதினோம். நான் இந்த முறை அவசரப்படவில்லை. கால் மணி நேரம் வைத்திருந்து மறுபடியும் குடித்தேன்.

என் பக்கம்: "முதலில் வினிகர், நேற்றைய நெடியைவிட மெலிந்தது. வாழைப்பழம் இல்லை. கிராம்பு இருந்த இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர். நடுவில் தண்ணீர். துவர்ப்பு இல்லை. விழுங்கிய பிறகு பிளாஸ்டர் மட்டும் நிற்கிறது."

வாங்கிப் படித்தார். 'கெட்டது' என்ற சொல் இருக்கிறதா என்று தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு தன் நோட்டை என் பக்கம் திருப்பினார். இரண்டே சொற்கள்: "வினிகர். திருகுகுழாய்."

மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினார். பாட்டிலை மூன்று முறை வெந்நீர் விட்டுக் குலுக்கினார். பூட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, விரல் நகத்தால் அதன் உட்பள்ளத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் வடியத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தார்.